இடர்க்காலத்தில் ஒரே இடத்தை ஓராண்டு படமெடுத்தல்

என் தந்தை பக்கவாதத்தால் மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தபோது, மூன்றாம் மாடி நடைக்கூடத்தின் கோடியில் இருந்த சன்னலருகே போய் நிற்பது என் வழக்கமாயிற்று. சன்னல் கம்பிகளுக்கு அப்பால், மொட்டை மாடிகளுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் பின்னால், வடகிழக்கே யானைமலை தெரிந்தது. பிறந்ததிலிருந்து பார்த்து வந்த மலைதான் என்றாலும், நான்காம் நாள் மாலையில் மேற்கு வெயில் அந்த மொட்டைப் பாறையின் மேல் விழுந்து, அது செங்கல் நிறமாகிப் பின் சாம்பல் நிறத்துக்கு இறங்கிய பத்து நிமிடத்தில்தான் அதை நான் முதன்முதலாகக் கவனித்துப் பார்த்தேன். கைப்பேசியில் ஒரு படம் எடுத்தேன். மறுநாளும் அதே தரைக்கல்லின் மேல் நின்று இன்னொன்று எடுத்தேன். தந்தையை வீட்டுக்கு அழைத்துச் சென்ற நாளில் என்னிடம் 26 படங்கள் இருந்தன. மலை அப்படியே இருந்தது, ஆனால் எந்த இரண்டு படங்களும் ஒன்றுபோல் இல்லை.

ஒரே இடத்தை வாரம் ஒரு படமாக ஓராண்டு எடுப்பதற்கான இந்த வழிகாட்டி அந்த 26 படங்களிலிருந்து பிறந்தது. நோய், இழப்பு, வேலையின்மை, கடன் போன்ற ஏதோ ஒன்றில் சிக்கி, நாளை என்பதையே நினைக்க முடியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். படம் எடுப்பது மருத்துவம் ஆகாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உறக்கமும் உணவும் பல வாரங்களாகக் கெட்டிருந்தாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தாலோ, முதலில் மனநல மருத்துவரையோ, இந்திய அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணிலோ நாடுங்கள். அங்கே இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம். உதவி பெற்றுக்கொண்டிருக்கும்போதும் நாள் முழுவதையும் எதிலாவது கழிக்க வேண்டியிருக்கிறது அல்லவா, அந்த நேரத்துக்கானது இது.

ஏன் ஒரே இடம்

நிலக்காட்சிப் படம் என்றதும் கொடைக்கானல் பள்ளத்தாக்கும் கன்னியாகுமரிச் சூரியோதயமும் நினைவுக்கு வருகின்றன. பயணம் நல்லதுதான், ஆனால் துன்பத்தில் இருப்பவரால் பெரும்பாலும் பயணம் போக முடிவதில்லை. போக முடிந்தாலும் அங்கே கிடைப்பது அழகின் ஒரு கணம் மட்டுமே. நம்பிக்கைக்கு அழகு போதாது என்றே நான் கருதுகிறேன். காலம் நகர்கிறது என்பதைக் கண்ணால் காண்பதே அதற்குத் தேவை, அதை ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பச் செல்பவரே காண முடியும்.

இதற்கு முன்னோடிகள் உண்டு. செக் நாட்டுப் புகைப்படக் கலைஞர் யோசெப் சுடெக் முதல் உலகப் போரில் தமது வலக்கையை இழந்தவர். பிராகா நகரம் நாஜிகளின் பிடியில் இருந்த 1940-இல், தமது பணிக்கூடத்தின் சன்னலையே படமெடுக்கத் தொடங்கினார். கண்ணாடியில் படிந்த பனித்துளிகளையும், வெளியே சிறு தோட்டத்தில் கோணலாக நின்ற ஒரு மரத்தையும் 1954 வரை அவர் எடுத்துக்கொண்டே இருந்தார். அமெரிக்காவின் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ், தம் தாய் சாகக் கிடந்த 1922-ஆம் ஆண்டில், குடும்பத்தின் கோடைகால வீடு இருந்த லேக் ஜார்ஜில் மேகங்களைப் படமெடுக்க ஆரம்பித்தார். தாயின் நிலையையும், சிதைந்துகொண்டிருந்த அந்தப் பண்ணையையும், முதுமையில் நொடித்த குதிரையையும் மறுஆண்டு எழுதிய கட்டுரையில் அவரே சேர்த்துக் குறிப்பிட்டிருக்கிறார். இருவருமே துன்பத்திலிருந்து விலகி வேறிடம் போகவில்லை, இருந்த இடத்திலிருந்தே பார்த்தார்கள்.

சன்னல் வழியே தெரியும் பசுமைக்கு ஆற்றல் உண்டு என்பதற்கு மருத்துவச் சான்றும் இருக்கிறது. ஆய்வாளர் ராஜர் உல்ரிச் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்ற 46 நோயாளிகளின் பதிவுகள் ஒப்பிடப்பட்டன. சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரை மட்டுமே கண்டவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினர். வலுவான வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. அந்த ஆய்வு மரத்தைப் பற்றியது, புகைப்படத்தைப் பற்றியதன்று. ஆயினும் நடைக்கூடத்துச் சன்னலில் நின்றவனுக்கு அது பெரிய செய்தியாகவே பட்டது.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

வீட்டிலிருந்து கால்மணி நேரத்துக்குள் போகக்கூடிய இடமாக இருக்கட்டும். சோர்ந்த நாளில், சட்டையைக்கூட மாற்றாமல் போய்வரக்கூடிய தொலைவே சரியான தொலைவு. வெளியே போகவே முடியாத நிலையில் மொட்டை மாடியோ சன்னலோ போதும்.

படத்தின் சட்டகத்தினுள், அதாவது படத்தில் அடங்கும் பரப்பினுள், மாறாத ஒன்றும் மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றும் இருக்க வேண்டும். மலை, கண்மாய்க் கரை, கோபுரம், தனிப்பனை ஆகியவை மாறாதவை. நீர், புல், வயல், வானம் ஆகியவை மாறுபவை. வானம் மட்டும் இருந்தால் சில வாரங்களில் எந்தப் படம் எந்த நாளுக்குரியது என்பதே மறந்துபோகும், பாறை மட்டும் இருந்தால் மனம் சலித்துவிடும். தந்தை வீடு திரும்பிய பின் பங்குனி மாதத்தில் நான் தேர்ந்தெடுத்தது எங்கள் பகுதிக் கண்மாயின் கரை. அங்கிருந்தும் கிழக்கே யானைமலை தெரிகிறது, முன்னால் மடையும், இடப்புறம் ஒரு பனையும், நடுவே நீரோ நீரில்லாத தரையோ இருக்கும்.

நிற்கும் இடத்தைத் துல்லியமாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கல்லை நட்டுவைக்கலாம், மதகின் சுவரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடலாம். முதற்படத்தைக் கைப்பேசியில் எப்போதும் வைத்திருந்து, ஒவ்வொரு முறையும் அதனோடு ஒப்பிட்டு, மலைமுகடும் பனையும் சட்டகத்தில் அதே இடத்தில் அமையும்படி நின்றுகொள்ளுங்கள். இது சலிப்பூட்டும் சிறு வேலைதான். ஆனால் மனம் கலங்கியிருக்கும் நாளில், இரண்டு அடி வலப்புறம் நகர வேண்டுமா என்று பார்ப்பது போன்ற ஒரு சிறு வேலையே மனத்தைத் தாங்கிப் பிடிக்கிறது.

அணைகள், இரயில் நிலையங்கள், விமான நிலையங்கள், படைத்துறை வளாகங்கள் ஆகிய இடங்களில் படமெடுக்கத் தடை இருக்கலாம் என்பதால் முன்பே விசாரியுங்கள். தனியாக, இருட்டிய பின் போக அஞ்சும் இடம் என்றால் அது உங்களுக்குரிய இடமன்று, வேறொன்றைத் தேடுங்கள்.

கருவியும் அமைப்பும்

கைப்பேசியே போதும். புதிதாகக் கேமரா வாங்கினால் மனம் தேறும் என்ற எண்ணத்தில், ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கும் குடும்பத்தின் பணத்தைச் செலவிட வேண்டாம்.

கைப்பேசியில் முதலில் லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். மங்கலான படங்களுக்குப் பெரும்பாலும் விரல் எண்ணெய்தான் காரணம். அமைப்புகளில் கிரிட் கோடுகளை இயக்கினால் அடிவானம் சாயாமல் பார்த்துக்கொள்ளலாம். முதன்மை லென்ஸையே எப்போதும் பயன்படுத்துங்கள், விரலால் பெரிதாக்க வேண்டாம், ஏனெனில் அது தெளிவைக் குறைப்பதோடு, ஒவ்வொரு வாரமும் சட்டகத்தின் அளவையும் மாற்றிவிடும். திரையில் மலையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் குவியமும் ஒளியளவும் பூட்டிக்கொள்ளும்; பிறகு விரலைக் கீழ்நோக்கி இழுத்து ஒளியைச் சற்றே குறையுங்கள். வெளுத்துப்போன வானத்தைப் பின்னால் மீட்க முடியாது, இருண்ட தரையை ஓரளவு மீட்கலாம். இரண்டு விநாடி டைமரை வைத்து, கைப்பேசியைச் சுவரிலோ கல்லிலோ சாய்த்துக்கொண்டால் நடுக்கம் இராது.

கேமரா வைத்திருப்பவர்கள் முக்காலியில் பொருத்தி, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பளவு) எஃப்/8 முதல் எஃப்/11 வரை என்று வைத்துக்கொள்ளலாம். எஃப்/16-க்கு மேல் போனால் ஒளி சிதறிக் கூர்மை குறையத் தொடங்கும். முக்காலி இல்லையெனில், 50 மி.மீ. லென்ஸுக்கு ஷட்டர் வேகம் 1/50 விநாடிக்குக் குறையக் கூடாது என்ற பழைய கணக்கு இன்றும் உதவும். நிறச்சமநிலையைத் தானியங்கியில் விடாமல் பகலொளி என்று நிலையாக வைத்துவிடுங்கள். அப்போதுதான் ஆடி மாதத்துப் புழுதி மஞ்சளும் கார்த்திகையின் ஈரநீலமும் உண்மையான வேறுபாடாகப் பதியும்.

ஒளியைக் கற்றுக்கொள்ளுதல்

இந்தப் பகுதியில் நான் சற்று நின்று பேச விரும்புகிறேன், ஏனெனில் என்னை அந்த நாட்களில் தூக்கி நிறுத்தியது இதுதான்.

சூரியன் எழுவதற்கு முன்பே வெளிச்சம் வந்துவிடுகிறது. சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 பாகையில் இருக்கும் நேரத்திலிருந்து, நம் ஊரில் ஏறத்தாழ 22 நிமிடம், விளக்கில்லாமலே நிலம் தெரியும். அந்த 22 நிமிடத்தில் நிழலே இராது, எல்லாப் பொருள்களும் மெல்லிய நீலத்தில் ஒன்றாக நிற்கும். மதுரையில் மே மாத இறுதியில் சூரியன் 6 மணிக்குச் சற்று முன்பே எழுகிறது; ஜனவரி இறுதியில் 6.40 ஆகிவிடுகிறது. அது எழும் இடமும் நகர்கிறது: ஜூன் மாதத்தில் நேர்க்கிழக்குக்கு வடக்கே ஏறத்தாழ 24 பாகையிலும், டிசம்பரில் தெற்கே அதே அளவிலும் எழுகிறது. நகரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஜூன் மாதச் சூரியன் யானைமலைக்கு அருகில் எழுந்து, தட்சிணாயணத்தில் வாரந்தோறும் வலப்புறமாக விலகிச் சென்று, மார்கழியில் வெகுதூரம் போய், பின் திரும்புகிறது. உத்தராயணம் என்ற சொல்லைப் பஞ்சாங்கத்தில் நூறு முறை படித்திருக்கிறேன், அதைக் கண்ணால் கண்டது துன்பம் மிகுந்த அந்த ஓராண்டில்தான்.

காலையும் மாலையும் மட்டுமே எடுக்க வேண்டும், உச்சி வெயிலில் எடுக்கக் கூடாது என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்லும். இதில் எனக்கு உடன்பாடில்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு எந்த நேரம் கிடைக்கிறதோ அதுவே அவருடைய நேரம். சித்திரை மாத நண்பகலில் நிழல் காலடியில் சுருங்கி, கண்மாய்த் தரை வெள்ளையாகக் கண்ணைக் கூசும்போது எடுத்த படமும் இந்த நிலத்தின் உண்மையான படந்தான். நேரம் எதுவாயினும், முடிந்தவரை ஒவ்வொரு வாரமும் அதே நேரமாக இருந்தால் ஒப்பிடுவது எளிது. எனக்குக் கிடைத்தது ஞாயிறு மாலை ஐந்தரை மணி.

சட்டகத்தினுள் எதை விடுவது

தொலைவிலிருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸில் மலை வானத்தையே மறைத்து நிற்கும். அகன்ற லென்ஸில் அதே மலை அடிவானத்தில் ஒரு கோடாகிவிடும். மலையின் நீளம் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் என்பது இரண்டிலும் மாறுவதில்லை. இரண்டு விதமாகவும் ஒரு முறை எடுத்து, அருகருகே வைத்துப் பாருங்கள். எதனோடு ஒப்பிட்டு எதைப் பெரிது என்கிறோம் என்பது விளங்கும். பிறகு அடிவானத்தைச் சட்டகத்தின் கீழ்ப்பகுதியில் வைத்து ஒன்றும், மேற்பகுதியில் வைத்து ஒன்றும் எடுங்கள். எது உங்களுக்கு மூச்சுவிட இடம் தருகிறதோ அதையே ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு தெரிய ஒரு மனித உருவமோ மாடோ மிதிவண்டியோ சட்டகத்தில் இருப்பது நல்லது. முகம் அடையாளம் தெரியாத தொலைவில் இருக்கட்டும். அருகில் வருபவராயின் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

மின்கம்பி, குப்பை, சீமைக் கருவேலம், பாதி கட்டி நின்றுபோன வீடு ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு அழகானதை மட்டும் எடுக்கத் தோன்றும். ஒதுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மருத்துவமனையில் எடுத்த முதல் மூன்று படங்களில் சன்னல் கம்பி தெரியாதபடி கைப்பேசியை இடைவெளியில் நுழைத்து எடுத்தேன். நான்காம் படத்திலிருந்து கம்பியையும் சேர்த்தே எடுத்தேன். இன்று அவற்றைப் பார்க்கும்போது முதல் மூன்றும் எவரோ எடுத்தவைபோல் இருக்கின்றன. நான் எங்கே நின்றேன் என்பதைச் சொல்லும் படங்களே எனக்கு உதவின. மலை அங்கே இருந்தது, கம்பியும் இங்கே இருந்தது, இரண்டையும் ஒரே படத்தில் காண முடிந்தது.

கரையில் பத்து நிமிடம்

போனவுடன் கருவியை எடுக்காமல் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். பிறகு குறித்த இடத்தில் நின்று அந்த வாரத்துக்குரிய படத்தை எடுங்கள். அதன்பின் விரும்பிய எதையாவது, மடைக்கல்லில் படர்ந்த பாசியையோ நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்துவதையோ, இன்னும் இரண்டு படங்கள் எடுக்கலாம். மூன்றுக்கு மேல் வேண்டாம். முப்பது எடுத்தால் வீட்டில் முப்பதையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், களைத்த மனத்துக்கு அது இன்னொரு சுமை.

பிறகு குறிப்பேட்டில் மூன்று வரி எழுதுங்கள். இதற்கு நம் அகத்திணை மரபைவிடச் சிறந்த முறையை நான் கண்டதில்லை. அங்கே நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தின் மரம், பறவை, நீர், தொழில் ஆகியவை கருப்பொருள். உள்ளத்தின் உணர்வு உரிப்பொருள். அந்த வரிசையிலேயே எழுதுங்கள். முதல் வரியில் நாளும் நேரமும் காற்றும் மேகமும். இரண்டாம் வரியில் கண்ட உயிர்களும் நடந்த வேலைகளும்: கொக்கு எத்தனை, ஆடு மேய்ந்ததா, வண்டல் அள்ளினார்களா என்பன. மூன்றாம் வரியை அன்று எழுதாமல் வெறுமையாக விடுங்கள். ஒரு வாரம் கழித்து, அடுத்த படம் எடுத்த பிறகு, முந்தைய வாரத்தின் உரிப்பொருளை ஒரு சொல்லில் நிரப்புங்கள். துயரம் பொங்கும் நேரத்தில் எழுதினால் எல்லா வாரமும் ஒரே சொல்தான் வரும். ஒரு வாரம் தள்ளிப் பார்த்தால் சொற்கள் பிரிந்து வருகின்றன. முல்லைத் திணைக்கு உரிப்பொருள் இருத்தல், அதாவது பிரிவைப் பொறுத்துக் காத்திருத்தல். அதன் பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை. மழையையும் மாலையையும் காத்திருத்தலோடு இணைத்து வைத்தவர்கள் நிலத்தை நன்றாகப் பார்த்தவர்கள் என்பதை அந்த ஆண்டில் உணர்ந்தேன்.

மாதம் ஒருமுறை

மாத இறுதியில் வாரப் படங்களை ஸ்டூடியோவில் 4×6 அளவில் அச்சிட்டுத் தரையில் வரிசையாகப் பரப்புங்கள். திரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்ப்பது வேறு, எல்லாவற்றையும் ஒருசேரக் காண்பது வேறு. முதல் மூன்று மாதங்கள் படங்களைச் சமூக ஊடகத்தில் போட வேண்டாம். விருப்பக் குறிகளின் எண்ணிக்கை பார்வையைத் திசைதிருப்பிவிடும். படங்களை இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள்.

போக முடியாத வாரங்கள்

அவை வரும். அவற்றை ஈடுகட்ட ஒரே நாளில் இரண்டு படங்கள் எடுக்காதீர்கள். அச்சுகளை அடுக்கும்போது அந்த வாரத்துக்குரிய இடத்தை வெற்றிடமாகவே விடுங்கள்.

என் தந்தை புரட்டாசியில் காலமானார். கண்மாயில் எடுத்த 27-ஆம் படத்துக்குப் பின் ஏழு வாரம் நான் கரைக்குப் போகவில்லை. 27-ஆம் படத்தில் கண்மாய்த் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது, நடுவே ஓர் ஆட்டுத்தடம் போகிறது. அடுத்த படம் கார்த்திகையில் எடுத்தது: கரை தொட்டு நீர் நிற்கிறது, மலை தலைகீழாக அதில் தெரிகிறது, நிரம்பிய நீர் வெளியேறும் கலிங்கில் மறுகால் பாய்ந்துகொண்டிருக்கிறது. வடகிழக்குப் பருவமழை என்னைக் கேட்டுக்கொண்டு பெய்யவில்லை. நான் உள்ளே படுத்துக் கிடந்த அந்த ஏழு வாரமும் அது பெய்திருக்கிறது. தரையில் பரப்பிய அச்சுகளில் அந்த ஏழு வெற்றிடங்களைத் தாண்டி நீரைக் கண்டபோது நெடுநேரம் அழுதேன். ஆறுதலா துயரமா என்று அப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நிலத்தின் இடரையும் பார்த்தல்

சில மாதங்களில் படமெடுப்பவருக்கு அந்த நிலத்தின்மேல் பொறுப்பு வந்துவிடுகிறது. அப்போது அதன் வரலாற்றைத் தேடிப் படியுங்கள். யானைமலையில் சமணர் படுத்துறங்கிய கற்படுகைகளும் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் அமைந்த கல்வெட்டும் உள்ளன, அடிவாரத்து நரசிங்கப் பெருமாள் குடைவரை கி.பி. 770-இல் உருவானது. அப்படிப்பட்ட மலையைக் குடைந்து சிற்ப நகரம் அமைக்கும் திட்டம் 2010-இல் எழுந்தபோது, சுற்றியுள்ள ஊர்மக்கள் எதிர்த்து நின்று அதைக் காத்தார்கள். மேலூர் வட்டத்தில் கிரானைட்டுக்காக வெட்டப்பட்ட குன்றுகள் திரும்பி வரப்போவதில்லை. ஆனால் அதே வட்டத்து அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதை உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக 2024-இல் விடப்பட்ட ஏலமும், மக்கள் திரண்டு போராடியதால் 2025 ஜனவரியில் கைவிடப்பட்டது. நாளும் நேரமும் குறித்து ஒரே இடத்திலிருந்து எடுத்த படங்கள் இத்தகைய வேளைகளில் சான்றாகவும் பயன்படும். கண்மாயில் கட்டடக் கழிவு கொட்டப்பட்டால் எந்த வாரத்திலிருந்து என்று உங்களால் சொல்ல முடியும்.

பிரேசில் நாட்டுப் புகைப்படக் கலைஞர் செபாஸ்தியாவ் சல்காதோ இதை இன்னும் தொலைவுக்குக் கொண்டுசென்றவர். 1990-களில் ருவாண்டாவின் படுகொலைகளைப் படமெடுத்து உடலும் மனமும் நொந்து திரும்பியவர், வறண்டு கிடந்த தம் குடும்பத்து நிலத்தில் மனைவி லெலியாவுடன் மரம் நடத் தொடங்கினார். 1998-இல் அதற்கென ஒரு நிறுவனத்தை உருவாக்கினர், 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் நடப்பட்டன. காடு திரும்பி வருவதைக் கண்ட பிறகே, 2004-இல், உலகின் கெடாத நிலங்களைப் படமெடுக்க அவர் புறப்பட்டார். நம்மால் ஒரு காட்டை வளர்க்க இயலாது போகலாம், கரையில் நான்கு பனங்கொட்டைகளை ஊன்ற இயலும். ஊன்றிய இடம் சட்டகத்துக்குள் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பனை மெல்ல வளரும் மரம் என்பதால், ஓராண்டோடு நிறுத்திவிடாமல் இருக்க அது ஒரு காரணமாகும்.

தை மாதத்தில் ஒரு ஞாயிறன்று என் தாய் தாமும் வருவதாகச் சொன்னார். அன்று எடுத்தது 35-ஆம் படம். அவர் மடைக்கல்லின் மேல், மலைக்கு முதுகு காட்டி, என்னைப் பார்த்து அமர்ந்திருக்கிறார். சட்டகம் கெடுகிறதோ என்று கேட்டு எழப்போனவரை அங்கேயே இருக்கச் சொன்னேன். 36-ஆம் படத்தில் அவர் நீரின் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறார்.